பழைய ஆல்டர்னேட்டர் வாங்கியாச்சா? வண்டில ஏத்தறதுக்கு முன்னாடி மேசைல வெச்சே தேய்மானத்தை பாத்துடுங்க

செகண்ட் ஹேண்ட் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்றது) ஒண்ணு கைக்கு வந்ததும் நிறைய பேர் நேரா வண்டில மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, பேட்டரில மீட்டர் வெச்சு 14 வோல்ட் வருதான்னு பாப்பாங்க, வந்துட்டா பானெட்டை மூடிட்டு போயிடுவாங்க. அந்த 14 வோல்ட் என்ன சொல்லுதுன்னா இப்ப சார்ஜ் ஆகுது, அவ்ளோதான். கார்பன் ப்ரஷ் (சுத்தற காயிலுக்கு கரண்ட் கடத்தற கட்டை) இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம், பேரிங்ல கிரீஸ் இருக்கா, டயோட் (கரண்ட்டை ஒரே திசைல மட்டும் விடற சாமான்) ஆறும் வேலை செய்யுதா, இது எதுவும் அதுல தெரியாது. சொல்லப்போனா ஒரு டயோட் ஓபன் ஆகியிருந்தாலும் (அறுந்து போயிருந்தாலும்) லோடு, அதாவது ஹெட்லைட், ப்ளோயர் மாதிரி கரண்ட் இழுக்கறது எதுவும் இல்லாதப்ப மீட்டர் 14 காட்டத்தான் செய்யும். சில வண்டில ஆல்டர்னேட்டர் மேலயே கை எட்ற இடத்துல இருக்கும், ஆனா சிலதுல வீல் கழட்டி உள்பக்க ஷீல்டு கழட்டி ஏசி கம்ப்ரஸரை நகத்தி வெச்சாதான் வெளிய வரும், அப்படிப்பட்ட வண்டில ரெண்டாவது தடவை இறக்கறது பெரிய தண்டனை. அதனால முதல்லயே மேசைல வெச்சு பாத்துடறது நல்லது, ஒரு மணி நேரத்துக்குள்ள முடியற வேலைதான்.

பாக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்துல தெளிவா இருங்க. தேய்மானம் இருக்குங்கறதுக்காகவே ஒரு ஆல்டர்னேட்டரை ஒதுக்க வேண்டியதில்ல. கார்பன் ப்ரஷ், பேரிங், ரெகுலேட்டர் (வோல்ட்டை கட்டுப்படுத்தறது) மூணும் மாத்தறதுக்குன்னே இருக்கற சாமான், இதுல தேய்மானம் இருந்தா புதுசு போட்டுக்கலாம். ஆனா ரோட்டர் (உள்ள சுத்தற பாகம்) ஸ்டேட்டர்ல (அதைச் சுத்தி அசையாம நிக்கற காயில் பாகம்) உரசியிருக்கு, காயில் கருகியிருக்கு, பேரிங் உக்கார்ற குழி பெருசாகிடுச்சு, மவுண்டிங் காதுல (போல்ட் போட்டு வண்டில மாட்டற நீட்டத்துல) விரிசல் இருக்குன்னா அதை எடுக்காதீங்க, எவ்ளோ சல்லிசா குடுத்தாலும் வேண்டாம். இந்த ரெண்டு வகைக்கும் நடுவுல வர்றது ஸ்லிப் ரிங் (ப்ரஷ் உரசி ஓடற செம்பு வளையம்), அது எந்த வகைங்கறதை எவ்ளோ தேஞ்சிருக்குன்னு பாத்துதான் முடிவு பண்ணணும். கீழ சொல்ற ஒவ்வொரு சோதனையும் இந்த கணக்குக்குத்தான்.

வேணுங்கற சாமான் பெருசா ஒண்ணும் இல்ல. டயோட் மோட் இருக்கற மல்டிமீட்டர், வெர்னியர், நல்ல டார்ச், ஸ்க்ரூ டிரைவர், 8, 10 சைஸ் சாக்கெட், சிலதுக்கு டார்க்ஸ் பிட் (நட்சத்திர வடிவ ஸ்க்ரூவுக்கு), கொஞ்சம் 600 நம்பர் வாட்டர் பேப்பர், அப்புறம் போன். கழட்டறதுக்கு முன்னாடியும் ஒவ்வொரு படியிலயும் போட்டோ எடுத்துக்கோங்க, எந்த ஒயர் எந்த ஸ்டட்ல இருந்துச்சு, இன்சுலேஷன் வாஷர் எந்தப் பக்கம் இருந்துச்சுங்கறது அப்புறமா ஞாபகம் வராது.

முதல்ல இது உங்க வண்டிக்கு சேருமா

தேய்மானத்துக்கு முன்னாடி பொருத்தம். வண்டில இருந்து கழட்டின பழசையும் இப்ப வாங்கியிருக்கறதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. மவுண்டிங் காது இடைவெளி, போல்ட் ஓட்டை சைஸ், புல்லில எத்தனை பள்ளம், புல்லி பின்னாடி பாடில இருந்து எவ்ளோ தள்ளி இருக்கு இதெல்லாம் ஒண்ணா இருக்கணும். புல்லி ரெண்டு மில்லிமீட்டர் முன்ன பின்ன இருந்தாலே பெல்ட் கோணலா ஓடி ஓரம் பிஞ்சு வந்துடும். பின்னாடி ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர்னு இருக்கும். ஆம்பியர் பழசை விட கொஞ்சம் கூட இருந்தா பிரச்சனை பெருசா இல்ல, ரொம்ப கூட இருந்தா பேட்டரிக்கு போற ஒயரும் ஃப்யூஸும் தாங்குமான்னு பாக்கணும். கம்மியா இருந்தா வேண்டாம்.

கனெக்டர் விஷயத்துல நிறைய பேர் மாட்டிக்கறாங்க. பழைய வண்டில டேஷ்போர்டு சார்ஜ் லைட்டுக்கு ஒரு ஒயர், சிலதுல வோல்டேஜ் சென்ஸுக்கு இன்னொரு ஒயர், அதோட முடிஞ்சுது. புது வண்டில ரெகுலேட்டர் கிட்ட ஈசியு (எஞ்சினை கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) நேரடியா பேசும், எவ்ளோ வோல்ட் குடுக்கணும்ங்கறதை அதுதான் சொல்லும். பாக்க ஒரே மாதிரி ப்ளக் இருந்தாலும் உள்ள இருக்கற ரெகுலேட்டர் வேற வகையா இருந்தா சார்ஜ் ஒழுங்கா வராது, இல்லன்னா லைட் எரிஞ்சுகிட்டே இருக்கும். பார்ட் நம்பர் ஒத்துப்போறதுதான் பாதுகாப்பு, ப்ளக் உள்ள போகுதுங்கறது பொருத்தம் ஆகாது.

வெளிப்பக்கம் என்ன சொல்லுது

பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருந்தா கொஞ்சம் சந்தேகப்படுங்க. அலுமினியம் பாடி பழசாச்சுன்னா மங்கலா சாம்பல் நிறமா இருக்கறதுதான் இயல்பு. காத்து போற ஓட்டை வழியா டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, வெளிய வெள்ளி மாதிரி மின்னுது உள்ள கருப்பா எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருக்குன்னா வெளிப்பூச்சு மட்டும்தான் நடந்திருக்கு. எண்ணெய் உள்ள போயிருந்தா ப்ரஷ் தூளோட கலந்து பசை மாதிரி ஆகி ப்ரஷ் அதோட கூட்டுலயே ஒட்டிக்கும், பேரிங் சீல் வழியா போய் கிரீஸையும் கரைச்சிடும்.

தண்ணில மூழ்கின வண்டியோடதான்னும் பாருங்க. ஓட்டை மூலைல காஞ்ச சேறு, அலுமினியத்துல வெள்ளை வெள்ளையா பொடி, ரோட்டர் நகங்கள்ல (ரோட்டரோட நகம் மாதிரி வளைஞ்ச இரும்புல) கெட்டியா துரு, கனெக்டர் பின்ல பச்சை, இதுல ரெண்டு மூணு ஒண்ணா தெரிஞ்சா விட்டுடுங்க. மேலோட்டமா லேசா துரு இருக்கறது வேற, ரொம்ப நாள் சும்மா கெடந்தாலே அது வரும்.

அடுத்து காது. மவுண்டிங் காதோட அடிப்பக்கம்தான் விரிசல் விடும், அழுக்கை தொடச்சுட்டு நகத்தால தடவி பாருங்க. சில காதுல நகர்ற மாதிரி ஒரு இரும்பு புஷ் இருக்கும், போல்ட் முடுக்கும்போது அது நகந்து பிராக்கெட்டை கவ்வும், அது துரு பிடிச்சு ஒட்டியிருந்தா மாட்டும்போது காது உடைய வாய்ப்பு இருக்கு, முதல்லயே தட்டி நகத்தி விட்டுடுங்க. பெல்ட் டென்ஷன் போல்ட் ஏறுற ஓட்டைல மரை போயிருக்கான்னு கையாலயே ஒரு போல்ட் ஏத்தி பாருங்க. பி ப்ளஸ் ஸ்டட் (பேட்டரிக்கு போற ஒயர் மாட்டற போல்ட்) ஆடக்கூடாது, அதைச் சுத்தி இருக்கற பிளாஸ்டிக் உருகியோ கருகியோ இருந்தா அங்க லூஸ் கனெக்ஷன்ல சூடு ஏறியிருக்குன்னு அர்த்தம், உள்ள டயோட் ப்ளேட்டையும் சேத்து சந்தேகப்படணும்.

மூக்கையும் வெச்சு பாருங்க, இது சும்மா சொல்லல. வார்னிஷ் கருகின வாடை ஒரு தடவை தெரிஞ்சுட்டா அப்புறம் மறக்காது, காயில் எரிஞ்ச ஆல்டர்னேட்டர்ல அது மாசக்கணக்குல போகாது.

சில டீசல் வண்டில பிரேக் பூஸ்டருக்கான வேக்யூம் பம்ப் ஆல்டர்னேட்டர் பின்னாடியே இருக்கும். அந்த வகையா இருந்தா ஷாஃப்ட் முனைல இருக்கற பல் தேஞ்சிருக்கான்னும், ஆயில் சீல் கசிஞ்சு உள்பக்கம் நனைஞ்சிருக்கான்னும் கட்டாயம் பாக்கணும், ஏன்னா இங்க தப்பு நடந்தா பிரச்சனை சார்ஜோட நிக்காது, பிரேக் வரைக்கும் போகும்.

ப்ரஷ்ஷும் ஸ்லிப் ரிங்கும்

ஆல்டர்னேட்டர் எவ்ளோ ஓடியிருக்குங்கறதை விக்கறவர் வாயால கேக்க வேண்டியதில்ல, இந்த ரெண்டும் சொல்லிடும். அதனால நான் பேரிங்குக்கு முன்னாடியே இதைத்தான் கழட்டுவேன், இன்னொரு காரணமும் இருக்கு, ப்ரஷ் உள்ள இருக்கும்போது ரோட்டரை சுத்தினா ஒரு சர்ர்னு சத்தம் வரும், அதை பேரிங் சத்தம்னு தப்பா நினைச்சுக்குவோம்.

பின்பக்க பிளாஸ்டிக் கவரை எடுத்தா ப்ரஷ் ஹோல்டர் தெரியும். நிறைய மாடல்ல ரெகுலேட்டரும் ப்ரஷ் ஹோல்டரும் ஒரே துண்டா இருக்கும், ரெண்டு மூணு ஸ்க்ரூல வெளிய வந்துடும். சிலதுல ஹோல்டர் தனியா இருக்கும். சில பழைய டிசைன்ல ஹோல்டர் உள்ளயே டயோட் ப்ளேட்டோட சேந்து இருக்கும், ஆல்டர்னேட்டரை ரெண்டா பிரிச்சாதான் வரும், அந்த வகையில பின் கவர்ல ஒரு குட்டி ஓட்டை இருக்கும், திரும்ப சேக்கும்போது ப்ரஷ்ஷை உள்ள அமுக்கி அந்த ஓட்டை வழியா ஒரு கம்பியை சொருகி வெச்சுக்கணும், எல்லாம் மூடினதுக்கு அப்புறம் கம்பியை உருவிடணும். இது தெரியாம பலவந்தமா சேத்தா ப்ரஷ் ரெண்டும் படக்குன்னு உடைஞ்சுடும்.

ஹோல்டர் வெளிய வந்ததும் ப்ரஷ் வெளிய நீட்டிகிட்டு இருக்கற நீளத்தை வெர்னியர்ல அளங்க. புதுசுல பொதுவா 10 மில்லிமீட்டருக்கு மேல நீட்டிட்டு இருக்கும். சில ப்ரஷ்ல எது வரைக்கும் தேயலாம்னு கோடே போட்டிருப்பாங்க, இல்லன்னா வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல குறைஞ்சபட்ச அளவு இருக்கும், மாடலுக்கு மாடல் அது மாறும். என் கணக்கு என்னன்னா 5 மில்லிமீட்டருக்கு கீழ வந்துட்டா மேனுவல் என்ன சொன்னாலும் மாத்திடறது, ஆல்டர்னேட்டர் கைல கழண்டு இருக்கும்போது மாத்தறது சுலபம், அப்புறம் வண்டிக்கு அடியில படுத்துகிட்டு மாத்தறது சுலபம் இல்ல. ரெண்டு ப்ரஷ்ஷும் கொஞ்சம் வித்தியாசமா தேஞ்சிருக்கறது சகஜம், ஒண்ணு நல்லா இருக்கு இன்னொண்ணு பாதிக்கு பாதின்னா சின்னதா இருக்கறது கூட்டுல ஒட்டாம நகருதா, அதோட ஸ்லிப் ரிங் சொரசொரப்பா இருக்கான்னு தேடுங்க.

நீளத்தை விட ஸ்ப்ரிங் முக்கியம், இதை யாரும் பாக்கறதில்ல. விரலால ப்ரஷ்ஷை உள்ள அமுக்கி விடுங்க, தடையில்லாம சட்டுன்னு எகிறி வெளிய வரணும். பாதில நின்னா, சாஞ்சு வந்தா, கூட்டுக்குள்ள தூளும் பிசுக்கும் அடைச்சிருக்கு. ப்ரஷ்ஷுக்கு பின்னாடி போற மெல்லிசான செம்பு பின்னல் ஒயர் பிஞ்சிருக்கா, நிறம் மாறி ஊதா கருப்பா ஆகியிருக்கான்னும் பாருங்க. ப்ரஷ் முகம் வளைவா வழவழப்பா இருக்கணும், ஓரம் உடைஞ்சு குழி விழுந்து இருந்தா பொறி பறந்துட்டு இருந்திருக்கு.

இப்ப ஸ்லிப் ரிங். ஹோல்டர் எடுத்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சா ரெண்டு செம்பு வளையம் தெரியும். ப்ரவுன் கலந்த கருப்பா ஒரு மெல்லிய படலம் இருக்கறது நல்லதுதான், அதை அழுக்குன்னு நினைச்சு பளபளன்னு தேய்க்காதீங்க. பாக்க வேண்டியது பள்ளம். ப்ரஷ் ஓடற இடத்துக்கும் ஓடாத ஓரத்துக்கும் நடுவுல படி மாதிரி இருக்கும், நகத்தை குறுக்க ஓட்டி பாருங்க. நகம் லேசா தட்டுப்பட்டா பிரச்சனை இல்ல. நகம் முழுசா உள்ள இறங்கி மாட்டிக்குதுன்னா பள்ளம் ஆழம், அந்த பள்ளத்துல புது ப்ரஷ் போட்டா அது முழுசா உக்காராது, ஓரத்துல மட்டும் தொடும், பொறி வரும், சீக்கிரமே தேஞ்சுடும். வெர்னியர் உள்ள போற மாதிரி இருந்தா தேஞ்ச இடத்துல விட்டத்தையும் ஓரத்துல விட்டத்தையும் எடுத்து கழிச்சு பாத்துக்கோங்க. சில இடத்துல செம்பு முழுசா தேஞ்சு அடியில இருக்கற பிளாஸ்டிக் தெரியற அளவுக்கு போயிருக்கும், அது ரொம்ப தூரம் ஓடினது, ப்ரஷ் மட்டும் புதுசா போட்டு வித்திருப்பாங்க. ஆமா, இது அடிக்கடி நடக்கறதுதான், புது ப்ரஷ்ஷும் பள்ளம் விழுந்த ரிங்கும் ஒண்ணா இருந்தா பழசை தட்டி குடுத்திருக்காங்கன்னு புரிஞ்சுக்கலாம். ரிங்கை மட்டும் மாத்தி சால்டர் பண்ணி லேத்ல சமமா கடைஞ்சு குடுக்கற எலக்ட்ரீஷியன் கிடைச்சா வாங்கலாம், இல்லன்னா வேற ஒண்ணு பாக்கறது மேல்.

லேசான கோடும் துருவும் இருந்தா ரோட்டரை சுத்திகிட்டே 600 பேப்பரை ரிங் மேல சமமா புடிங்க, ஒரே இடத்துல நின்னு தேய்ச்சா வட்டம் கெட்டுப் போயிடும். அப்புறம் கான்டாக்ட் க்ளீனர் போட்டு தொடச்சிடுங்க. பெட்ரோல், டீசல் ஊத்தி கழுவறது வேண்டாம், காயில் வார்னிஷுக்கும் நல்லதில்ல, பேரிங்குக்குள்ளயும் போகும்.

பேரிங்

ப்ரஷ் வெளிய இருக்கும்போதே புல்லியை கையால மெதுவா சுத்துங்க. வேகமா சுத்தி விட்டு எவ்ளோ நேரம் ஓடுதுன்னு பாக்கற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, ரொம்ப நேரம் ஃப்ரீயா சுத்தினா பேரிங் சூப்பர்னு சொல்லுவாங்க, உண்மை அதுக்கு நேர் எதிர். சீல் ரெண்டு பக்கமும் இருக்கற புது பேரிங்ல கிரீஸ் இருக்கறதால லேசா இழுவை இருக்கும், சுத்தி விட்டா சீக்கிரம் நிக்கும். கிரீஸ் காஞ்சுபோன பேரிங்தான் எந்த தடையும் இல்லாம சுத்திகிட்டே இருக்கும், கூடவே ஒரு காய்ஞ்ச கிசுகிசு சத்தமும் வரும்.

மெதுவா சுத்தும்போது விரல்ல என்ன தெரியுதுங்கறதுதான் விஷயம். உள்ள மணல் போட்ட மாதிரி நரநரன்னு இருந்தாலோ, ஒரு சுத்துல குறிப்பிட்ட இடத்துல மட்டும் தட்டுப்பட்டாலோ குண்டு ஓடற பாதைல குழி விழுந்திருக்கு. அடுத்து ஆட்டம். புல்லியை ரெண்டு பக்கமும் புடிச்சு மேல கீழ அசைச்சு பாருங்க, கைக்கு ஆட்டமே தெரியக்கூடாது. உள்ளயும் வெளியயும் தள்ளி இழுத்து பாருங்க, டக்குன்னு தட்ற சத்தம் வரக்கூடாது. பின்பக்க பேரிங்குக்கு பின்னாடி இருந்து ஷாஃப்ட் முனையை விரலால அசைச்சு பாத்துக்கலாம்.

ஏன் பேரிங்குக்கு இவ்ளோ சொல்றேன்னா, ஆல்டர்னேட்டர் எஞ்சினை விட வேகமா சுத்தற ஐட்டம், புல்லி சின்னதா இருக்கறதால பொதுவா எஞ்சினோட ரெண்டுல இருந்து மூணு மடங்கு வேகம். ரெண்டரை மடங்குன்னு வெச்சா எஞ்சின் 5000 ஆர்பிஎம்ல ஆல்டர்னேட்டர் 12,500. கைல லேசா நரநரன்னு தெரிஞ்சது அந்த வேகத்துல கூவும், அப்புறம் பேரிங் ஆட்டம் கூடி ரோட்டர் போய் ஸ்டேட்டர்ல உரசும், ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. இந்த உரசல் ஏற்கெனவே நடந்திருக்கான்னு ஓட்டை வழியா ரோட்டர் நகங்களோட வெளி முகத்தை பாருங்க. ஒரு பக்கம் மட்டும் இரும்பு பளபளன்னு தேஞ்சு கோடு விழுந்திருந்தா நடந்திருக்கு, புது பேரிங் போட்டாலும் அதை எடுக்காதீங்க.

பேரிங் மாத்தறதுன்னா முன்னாடி பின்னாடி ரெண்டையும் சேத்து மாத்துங்க. நம்பர் சீல் மேலயே இருக்கும், அதையே கேளுங்க. 6203-ன்னா உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், 6303-க்கு உள்ள அதே 17 ஆனா வெளிய 47, அகலம் 14, ஒரு நம்பர் மாறினாலே உக்காராது. நம்பருக்கு பின்னாடி வர்ற எழுத்தையும் விடாதீங்க, சி3 போட்டிருந்தா அது சூட்டுக்கு விரிய இடம் விட்டு பண்ணின பேரிங், ஆல்டர்னேட்டர்ல அது வேணும். அடிச்சு ஏத்தும்போது ஷாஃப்ட்ல ஏத்தறதா இருந்தா உள் வளையத்துல மட்டும், பாடி குழில இறக்கறதா இருந்தா வெளி வளையத்துல மட்டும் விசை போகணும், மாத்தி அடிச்சா புது பேரிங் மேசைலயே செத்துடும். பழசை எடுத்ததும் குழியை பாருங்க, பேரிங் வெளி வளையம் குழிக்குள்ள சுத்தியிருந்தா சுவர் பளபளன்னு தேஞ்சு இருக்கும், புதுசு கையாலயே லொடலொடன்னு உள்ள போகும். பின்பக்கம் சிலதுல பிளாஸ்டிக் வளையம் வெச்சு அது கையாலயே உக்கார்ற மாதிரிதான் டிசைன், அதை குழப்பிக்க வேண்டாம், முன்பக்கம் அப்படி இருந்தா பாடி போச்சு.

புல்லி

பள்ளங்களோட சுவர் தேஞ்சு கூர்மையா ஆகியிருக்கான்னு பாருங்க, நல்ல பெல்ட் துண்டு ஒண்ணை வெச்சு அமுக்கினா பள்ளத்தோட அடி வரைக்கும் போய் உக்காரக்கூடாது.

சாதா புல்லியா இருந்தா இதோட சரி. ஒருபக்கம் மட்டும் சுத்தற க்ளட்ச் புல்லியா இருந்தா, முன்னாடி பிளாஸ்டிக் மூடி இருக்கும், ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை ஓட்டை வழியா விட்டு ரோட்டரை அசையாம புடிச்சுகிட்டு புல்லியை ரெண்டு பக்கமும் திருப்புங்க, காயில்ல படாம ஜாக்கிரதையா. எஞ்சின் ஓட்ற திசைல ரோட்டரை கவ்வணும், எதிர் திசைல ஃப்ரீயா போகணும். கவ்வற திசைல ஸ்ப்ரிங் மாதிரி கொஞ்சம் குடுத்து கவ்விச்சுன்னா அது உள்ள ஸ்ப்ரிங் இருக்கற வகை, அதுக்கு அதுதான் சரி. ரெண்டு பக்கமும் இறுகியிருந்தா ஜாம், ரெண்டு பக்கமும் ஃப்ரீயா போனா உள்ள தேஞ்சு போச்சு, மூடியை சுத்தி சிவப்பா துருத்தூளோ கிரீஸோ தெறிச்சிருந்தா போகப்போகுது. இதை கழட்ட தனி பல் சாக்கெட் வேணும், சாதா ஸ்பானர் ஆகாது. இந்த புல்லிக்கு பதிலா சாதா புல்லி போட்டு ஓட்டலாமான்னு கேப்பாங்க, வண்டி ஓடும், ஆனா எஞ்சினோட அதிர்வு எல்லாம் பெல்ட்டுக்கும் அதை இறுக்கி வெச்சுக்கற டென்ஷனருக்கும் போகும், டென்ஷனர் சீக்கிரம் போயிடும்.

மீட்டர் வெச்சு பாக்கறது

முதல்ல மீட்டரை ஓம்ஸ்ல வெச்சு ரெண்டு ப்ரோபையும் ஒண்ணா ஒட்டி பாருங்க, 0.2, 0.3 காட்டும், அது ஒயரோட மதிப்பு, கீழ வர்ற அளவுல எல்லாம் அதை கழிச்சிடுங்க.

ரோட்டர்: ஒரு ப்ரோப் ஒரு ஸ்லிப் ரிங்ல, இன்னொண்ணு இன்னொரு ரிங்ல. 12 வோல்ட் ஆல்டர்னேட்டர்னா பொதுவா 2ல இருந்து 4 ஓம்ஸ் பக்கத்துல வரும், 24 வோல்ட்டுக்கு இன்னும் அதிகமா வரும். ஒண்ணுமே காட்டலன்னா காயில் அறுந்திருக்கு, ஒண்ணுக்கும் கீழ வந்தா உள்ளயே ஷார்ட், அது ரெகுலேட்டரையும் சாப்பிட்டுடும். அப்புறம் ஒரு ப்ரோபை ரிங்லயும் இன்னொண்ணை ஷாஃப்ட்லயும் வைங்க, எதுவும் காட்டக்கூடாது. சில ரோட்டர் குளிர்ச்சில சரியா காட்டி சூடானா மட்டும் அறுந்துக்கும், சந்தேகம் இருந்தா ஹேர் டிரையர்ல சூடாக்கிட்டு திரும்ப அளந்து பாருங்க.

ஸ்டேட்டர்: இதுல மீட்டரை விட கண்ணுதான் நல்ல கருவி. மூணு பேஸுக்கும் (ஸ்டேட்டர்ல இருக்கற மூணு காயில் வரிசைக்கும்) நடுவுல இருக்கற ஓம்ஸ் ரொம்ப கம்மி, சாதா மீட்டர்ல சுத்துக்கு சுத்து ஷார்ட் இருக்கறது தெரியாது. அதனால நிறத்தை பாருங்க. செம்பு நிறமோ தேன் நிறமோ சமமா இருந்தா நல்லது. எல்லாமே சமமா கருத்திருந்தா ரொம்ப லோடுல ஓடியிருக்கு. ஒரு பகுதி மட்டும் கருப்பு, பக்கத்துல இருக்கறது நல்லாருக்குன்னா அந்த பேஸோட டயோட் ஷார்ட் ஆகி காயிலை எரிச்சிருக்கு, அதை எடுக்காதீங்க. மீட்டர்ல பாக்கக்கூடிய ஒண்ணு பாடி ஷார்ட், ஆனா டயோட் ப்ளேட்ல இருந்து ஸ்டேட்டர் முனைகளை பிரிச்சுட்டு பாத்தாதான் அது நம்பற மாதிரி இருக்கும், அப்ப எந்த முனைக்கும் பாடிக்கும் நடுவுல ஒண்ணும் காட்டக்கூடாது.

டயோட்: மீட்டரை டயோட் மோட்ல வெச்சு சிவப்பு ப்ரோபை பாடிலயும் கருப்பை பி ப்ளஸ் ஸ்டட்லயும் வைங்க. ரெண்டு டயோட் வரிசையா இருக்கறதால 0.8ல இருந்து 1.1 வரைக்கும் ஏதாவது காட்டும். ப்ரோபை மாத்தி வெச்சா ஓஎல் (கரண்ட் போக வழி இல்லைங்கற குறி) வரணும், உள்ள கண்டென்ஸர் இருந்தா கொஞ்ச நேரம் நம்பர் ஏறி அப்புறம் ஓஎல் ஆகும். முதல் அளவு 0.5 பக்கத்துல நின்னுச்சுன்னா ரெண்டுல ஒரு டயோட் ஷார்ட், இந்த ஒரு நிமிஷ சோதனைலயே அது மாட்டிக்கும். ஆனா ஓபன் ஆன டயோட் இதுல மாட்டாது, ஏன்னா மூணு பேஸும் ஸ்டேட்டர் வழியா ஒண்ணோட ஒண்ணு சேந்து இருக்கு, ஒரு வழி அடைச்சாலும் இன்னொரு வழியா மீட்டருக்கு பதில் வந்துடும். அதை பாக்கணும்னா ஸ்டேட்டர் முனைகளை பிரிச்சு ஒவ்வொரு டயோடா ரெண்டு திசைலயும் பாக்கணும், ஒரு பக்கம் 0.4ல இருந்து 0.6, மறுபக்கம் ஓஎல், ஆறும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு காட்டணும். சால்டரிங் வராதவங்க இதை விட்டுடலாம், வண்டில மாட்டினதுக்கு அப்புறம் மீட்டரோட ஏசி வோல்ட் மோட் வெச்சு கண்டுபிடிக்கலாம், அது கீழ வருது.

ஆட்டோ எலக்ட்ரிக் கடைல டெஸ்ட் பெஞ்ச் இருந்தா அங்க குடுத்து ஓட்டி பாக்கறது நல்லதுதான், ஆனா லோடு ஏத்தி பாக்கச் சொல்லுங்க, சும்மா சுத்தி வோல்ட் மட்டும் காட்டறதால பெருசா பிரயோஜனம் இல்ல. வீட்ல டிரில் மெஷினை புல்லி நட்டுல மாட்டி சுத்தறவங்க இருக்காங்க, அது எனக்கு ஒத்துக்காது, லோடு ஏறினதும் டிரில் கைய முறுக்கும்.

மாட்டினதுக்கு அப்புறம்

பேட்டரி நெகட்டிவ் டெர்மினலை முதல்ல கழட்டிட்டுதான் வேலையை ஆரம்பிக்கணும். பி ப்ளஸ் ஒயர் பேட்டரியோட நேரடியா சேந்திருக்கு, சாவி ஆஃப்ல இருந்தாலும் அதுல கரண்ட் இருக்கும், ஸ்பானர் பாடில பட்டா பெரிய பொறி. பேட்டரி காலியா இருந்தா தனி சார்ஜர்ல ஏத்திட்டு போடுங்க, செத்த பேட்டரியை ஆல்டர்னேட்டரை வெச்சு நிரப்பினா முதல் நாளே அதை முழு லோடுல வேகவெச்ச மாதிரி. ஓடும்போது பேட்டரி ஒயரை கழட்டி பாக்கற பழைய வித்தை வேண்டவே வேண்டாம், வோல்ட் சட்டுன்னு எகிறி ரெகுலேட்டரும் ஈசியுவும் போயிடும்.

சாவி ஆன் பண்ணினதும் சார்ஜ் லைட் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். பழைய டைப் வண்டில அந்த பல்பு வழியாத்தான் ரோட்டருக்கு முதல் கரண்ட்டே போகும், பல்பு ஃப்யூஸ் ஆகியிருந்தா நல்ல ஆல்டர்னேட்டரும் ஐடில்ல சார்ஜ் பண்ணாம நிக்கும், அதை பாக்காம ஆல்டர்னேட்டரை குறை சொல்லாதீங்க.

பேட்டரில வோல்ட் பொதுவா 13.8ல இருந்து 14.6க்குள்ள வரணும். ஹெட்லைட், ப்ளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு 2000 ஆர்பிஎம்ல வெச்சா 13.5 பக்கத்துலயாவது நிக்கணும். ஈசியு கட்டுப்படுத்தற வண்டில இந்த நம்பர் ஏறி இறங்கும், அதை கோளாறுன்னு நினைக்க வேண்டாம். எல்லா லோடும் போட்டபடியே மீட்டரோட ஒரு முனையை பி ப்ளஸ் ஸ்டட்லயும் இன்னொண்ணை பேட்டரி பாசிட்டிவ்லயும் வைங்க, 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா ஒயர்லயோ லக்லயோ (ஒயர் முனைல இருக்கற வளையத்துல) நஷ்டம் இருக்கு. ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுலயும் இதே மாதிரி பாத்துக்கோங்க, எர்த் சரியில்லாம அவதிப்படற வண்டி ஏராளம்.

இப்ப டயோட். மீட்டரை ஏசி வோல்ட்ல மாத்தி, எஞ்சின் ஓடிகிட்டு லோடு இருக்கும்போதே பி ப்ளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல வைங்க. நல்லதுல 0.1க்கு கீழ இருக்கும், 0.5ஐ தாண்டினா டயோட் ஒண்ணு வேலை செய்யல. மலிவான சில மீட்டர் ஏசி மோட்ல டிசியையும் சேத்து காட்டி குழப்பும், எஞ்சின் நிறுத்தி வெச்ச பேட்டரிலயே அது 20 வோல்ட்டுக்கு மேல காட்டிச்சுன்னா அந்த மீட்டரை இந்த சோதனைக்கு நம்பாதீங்க.

கடைசியா கசிவு. சாவி ஆஃப், எஞ்சின் நல்லா ஆறினதுக்கு அப்புறம், டிசி அளக்கற கிளாம்ப் மீட்டரை பி ப்ளஸ் ஒயர்ல மாட்டி பாருங்க. சின்ன கரண்ட்ல கிளாம்ப் சரியா காட்டாது, அப்ப நெகட்டிவை கழட்டிட்டு பி ப்ளஸ் ஒயரை ஸ்டட்ல இருந்து எடுத்து நடுவுல மல்டிமீட்டரை ஆம்பியர் மோட்ல வரிசையா வெச்சு, நெகட்டிவை திரும்ப மாட்டி பாக்கணும். மீட்டர் நடுவுல இருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போயிடும். சில மில்லி ஆம்பியர் போனா பரவால்ல. அது நூறு மில்லி ஆம்பியரை தாண்டினா டயோட் ப்ளேட் பின்பக்கமா கசியுது, பகல்ல நல்லா சார்ஜ் ஆகும், நாலஞ்சு நாள் நிறுத்தி வெச்சா பேட்டரி இறங்கிக் கெடக்கும், விக்கறவர் மாத்தி தர்றேன்னு சொன்ன கெடு முடியறதுக்குள்ள கழட்டி திருப்பி குடுத்துடுங்க.